நேற்று அங்கிருந்த நிலா

1560 ஆகஸ்ட் 21 அன்று கோபன்ஹேகன் நகரில் ஒரு சூரிய கிரகணம் தெரிந்தது. பெரிய கிரகணம் அல்ல. அந்த ஊரில் சூரியனின் ஒரு பகுதி மட்டுமே மறைந்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த டைக்கோ பிராஹி என்ற 13 வயதுப் பையன் அதைக் கவனித்தான். அவன் மனதைப் பிடித்துக்கொண்டது மங்கிய வெயில் அல்ல. இன்ன நாளில் இது நடக்கும் என்று மனிதர்கள் கணக்குப் போட்டு முன்பே சொல்லியிருந்தார்கள், சொன்னபடியே நடந்தும் விட்டது என்பதுதான். வீட்டார் அவனைச் சட்டம் படிக்க வைக்க நினைத்திருந்தார்கள். அவனோ வானியல் நூல்களை வாங்கிப் படித்தான். பிறகு லைப்சிக் நகரில், துணைக்கு வந்த ஆசிரியர் தூங்கும்வரை காத்திருந்து, கைமுட்டி அளவுள்ள ஒரு வானக் கோளத்தை வைத்துக்கொண்டு விண்மீன்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டான். 1563 ஆகஸ்டில் வியாழனும் சனியும் வானத்தில் நெருங்கி வந்தன. அன்று புழக்கத்தில் இருந்த பழைய அட்டவணை அந்த நாளைக் கணிப்பதில் ஏறக்குறைய ஒரு மாதம் தவறியிருந்தது. கோப்பர்நிக்கஸின் கணக்கை வைத்து எழுதப்பட்ட புதிய அட்டவணையும் சில நாள் பிசகியிருந்தது. 13 வயதில் கணக்கு பலித்ததைப் பார்த்து வானத்தின் பக்கம் திரும்பியவன், 16 வயதில் கணக்கு பிசகியதைப் பார்த்து அங்கேயே தங்கிவிட்டான். அதற்குப் பின் அவனுடைய வாழ்நாள் வேலை, அதுவரை யாரும் அளக்காத துல்லியத்தோடு கோள்களின் இடத்தை அளப்பது. தொலைநோக்கி இல்லாத காலத்தில், வெறும் கண்ணால் அவர் எடுத்த செவ்வாய் அளவீடுகளை வைத்துத்தான் கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்பதைக் கெப்ளர் கண்டுபிடித்து 1609இல் வெளியிட்டார்.

சிறு வயதில் நட்சத்திரம் பார்த்த பிள்ளைகள் அறிவியலாளர் ஆன கதைகள் நிறைய உண்டு. அந்தக் கதைகளைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வியப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள்: குழந்தை வானத்தைப் பார்த்தது, மலைத்துப் போனது, அறிவியல் அதைப் பற்றிக்கொண்டது என்று. டைக்கோவின் கதை வேறொன்றைச் சொல்கிறது. மலைப்பு எல்லோருக்கும் வரும். கடலைப் பார்த்தால் வரும், யானையைப் பார்த்தால் வரும், தேர்த் திருவிழாவிலும் வரும். வானத்தின் தனிச்சிறப்பு, அது மீண்டும் மீண்டும் வந்து நிற்கிறது என்பதுதான். மாறாத ஒழுங்கோடு வருகிறது, அந்த ஒழுங்குக்குள் சிறுசிறு மாறுதல்களையும் கொண்டுவருகிறது. ஒரு குழந்தை தானே கவனித்து, தானே ஊகித்து, அந்த ஊகம் சரியா என்று யாரையும் கேட்காமல் தானே சோதித்துக்கொள்ளக்கூடிய ஆய்வகம் அது. வேதியியல் செய்ய அமிலம் வேண்டும், உயிரியல் செய்ய நுண்ணோக்கி வேண்டும். எட்டு வயதுக் குழந்தை கையில் அவற்றை நம்பிக் கொடுக்க முடியாது. வானத்தைப் பார்க்க மொட்டைமாடியும் கொஞ்சம் தூக்கம் கெடுவதும் போதும். வாழ்நாள் ஆர்வத்துக்கு வித்தாவது ஒரே ஓர் இரவின் பரவசம் அல்ல, மறுநாளும் மாடிக்குப் போய்ப் பார்ப்பதுதான் என்பது என் வாதம்.

நிலாவைக் காட்டிச் சோறூட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் சோறு தீர்ந்ததும் நிலாவும் மறந்துபோகிறது. நேற்று இதே நேரத்தில் நிலா எங்கே இருந்தது என்று அடுத்த நாள் ஒரு கேள்வி கேட்டால் போதும், கதை மாறிவிடும். நேற்று ஏழு மணிக்குத் தென்னைக்கு மேலே நின்ற நிலா இன்று அதே ஏழு மணிக்கு இன்னும் கிழக்கே, தாழ்ந்து நிற்கிறது. நாளுக்கு நாள் அது சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. பூமி ஒருமுறை தன்னைச் சுற்றி முடிப்பதற்குள் நிலாவும் தன் பாதையில் சற்று முன்னே போய்விடுகிறது; அதை எட்டிப் பிடிக்கப் பூமி இன்னும் கொஞ்சம் சுழல வேண்டியிருக்கிறது. இந்த விளக்கத்தைக் குழந்தைக்கு முதல் நாளே சொல்லிவிடக் கூடாது. நாலைந்து நாள் நேரத்தைக் குறித்து வைத்து, ஆறாம் நாள் எப்போது உதிக்கும் என்று குழந்தையே சொல்லி, அது ஏறக்குறைய பலிக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி, கோபன்ஹேகனில் அந்தப் பையனுக்குக் கிடைத்த அதே மகிழ்ச்சி.

இன்னொரு சோதனை இதைவிட ஆழமானது. முழுநிலவு அடிவானத்தில் எழும்போது தட்டு போலப் பெரிதாகத் தெரியும், உச்சிக்கு வந்ததும் சிறுத்துவிடும். இரண்டு நேரத்திலும் கையை நன்றாக நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் நிலாவை மறைத்துப் பார்க்கச் சொன்னால், இரண்டு தடவையும் அந்த ஒரே நகம் தாராளமாக மறைத்துவிடும். வானத்தில் நிலாவின் அகலம் ஏறக்குறைய அரைப் பாகைதான். நீட்டிய கையின் சுண்டுவிரல் அதைப்போல இரு மடங்கு. நிலா பெருக்கவும் இல்லை, சிறுக்கவும் இல்லை. பெரிதாகக் காட்டியது நம் மூளை. கண்ணால் கண்டதும் பொய்யாகலாம், அளந்து பார்த்தால்தான் தெரியும் என்பதை ஒரு சிறுமி தன் விரலாலேயே கற்றுக்கொள்கிறாள். அறிவியலின் அடிப்படை மனப்பான்மையை இவ்வளவு மலிவாகச் சொல்லிக்கொடுக்க வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வானியலாளர் வேரா ரூபினின் இளமையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1928இல் அமெரிக்காவில் பிறந்தவர். பத்து வயது வாக்கில் அவர் குடும்பம் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. அவருடைய படுக்கைக்கு அருகே வடக்கு பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. வடக்கு வானத்து விண்மீன்கள் துருவ விண்மீனைச் சுற்றி இரவெல்லாம் மெல்ல நகர்வதை அந்த ஜன்னல் வழியே அவர் கவனித்தார். எரிநட்சத்திரம் விழுந்தால் விளக்கைப் போட மாட்டார். அது எங்கே தொடங்கி எங்கே மறைந்தது என்று மனப்பாடம் செய்துகொண்டு காலையில் குறித்துவைப்பார். அழகைப் பார்த்துவிட்டுத் தூங்கிப் போகிற பிள்ளைக்கும், அதன் தடத்தை நினைவில் வைத்துக் காலையில் காகிதத்தில் போடுகிற பிள்ளைக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கே முக்கியம். மின்பொறியாளரான தந்தை, அட்டைக் குழாயில் தொலைநோக்கி செய்ய உதவினார். வானியல் ஆர்வலர் கூட்டங்களுக்கு மகளைக் கூட்டிப் போனார். பள்ளி இயற்பியல் ஆசிரியரோ, அறிவியல் பக்கம் போகாமல் இருந்தால் நன்றாக வருவாய் என்று சொல்லி அனுப்பினார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அன்று வானியல் மேற்படிப்பில் பெண்களைச் சேர்ப்பதே இல்லை. அத்தனையையும் தாண்டி 1970இல் கென்ட் ஃபோர்டுடன் சேர்ந்து ஆண்ட்ரொமீடா விண்மீன்திரளின் சுழற்சியை அளந்தார். விளிம்பில் உள்ள விண்மீன்கள் மெதுவாகத்தான் சுற்றும் என்பது எதிர்பார்ப்பு; அவை உள்ளே இருப்பவற்றின் வேகத்துக்கு ஏறக்குறைய ஈடாகவே சுற்றின. கண்ணுக்குத் தெரியாத ஏராளமான பொருள் அங்கே இருந்தாக வேண்டும். கரும்பொருள் என்று இன்று சொல்லப்படுவதற்கு வலுவான சான்றுகளில் ஒன்று இப்படிக் கிடைத்தது. எதிர்பார்த்த தடத்துக்கும் கண்ட தடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்கும் பழக்கம், ஜன்னலோரத்தில் தொடங்கியது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வானத்தைப் பார்க்காத குழந்தை உலகில் உண்டா? மின்விளக்கு இல்லாத காலத்தில் கோடிக்கணக்கான பிள்ளைகள் திண்ணையிலும் வயல்வெளியிலும் படுத்து நட்சத்திரம் பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேர் விஞ்ஞானி ஆனார்கள்? ஆனவர்களின் கதையை மட்டும் பொறுக்கியெடுத்துச் சொன்னால், வென்ற லாட்டரிச் சீட்டை மட்டும் காட்டுவது போலத்தானே? தவிர, பெரியவர்கள் தங்கள் குழந்தைப் பருவத்தைப் பின்னோக்கிச் சொல்லும்போது நினைவு வசதிக்கேற்ப வளைந்துகொடுக்கும். இந்த ஆட்சேபத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆடம் மால்டீஸ், ராபர்ட் டாய் என்ற இரு ஆய்வாளர்கள் 116 அறிவியலாளர்களிடமும் ஆய்வு மாணவர்களிடமும் பேசி 2010இல் வெளியிட்ட ஆய்வில், 65 சதவீதம் பேர் தங்கள் ஆர்வம் நடுநிலைப் பள்ளிக்கு முன்பே தொடங்கியதாகச் சொன்னார்கள். அதுவும் நினைவைச் சார்ந்த சான்றுதான். ஆனால் நினைவைச் சாராத ஒன்றும் இருக்கிறது. 1988இல் அமெரிக்காவில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம், 30 வயதில் என்னவாக இருப்பாய் என்று கேட்டு, அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தத் தரவை டாயும் சக ஆய்வாளர்களும் அலசி 2006இல் வெளியிட்டார்கள். அறிவியல் துறையில் இருப்பேன் என்று அன்று சொன்ன பிள்ளைகளுக்கு, மற்றவர்களைவிட இயற்பியல் அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் பெறும் வாய்ப்பு 3.4 மடங்கு அதிகமாக இருந்தது. உயிர் அறிவியல்களில் அது 1.9 மடங்கு. மதிப்பெண் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் ஆரம்பகால ஆசை தனியாக ஒரு பங்கு வகித்தது.

ஆக, ஆர்வம் எந்த வயதில் பிறக்கிறது என்பது முக்கியம் என்று சொல்ல ஆதாரம் உண்டு. அந்த ஆர்வம் வானத்தால்தான் பிறக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை, அப்படிச் சொல்வதும் தவறு. பூச்சி பிடித்தவர்கள், ரேடியோவைப் பிரித்துப் போட்டவர்கள், எண்களோடு விளையாடியவர்கள் எல்லாரும் அறிவியலுக்கு வந்திருக்கிறார்கள். வயலில் படுத்து வானம் பார்த்த கோடிப் பேருக்கு என்ன ஆயிற்று என்பதற்கும் ஓரளவு பதில் உண்டு. சூசன் ஹிடி, ஆன் ரென்னிங்கர் இருவரும் 2006இல் ஆர்வத்தின் வளர்ச்சியை நான்கு கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். முதலில் ஏதோ ஒரு சூழ்நிலை ஆர்வத்தைத் தட்டி எழுப்புகிறது; அடுத்து அந்தச் சூழ்நிலையே அதைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கிறது; பின்னர் அது மெல்ல அந்த மனிதருடைய சொந்த ஆர்வமாகிறது; கடைசியில் வேரூன்றி நிற்கிறது. முதல் கட்டம் வானத்தால் இலவசமாகக் கிடைத்துவிடும். இரண்டாம் கட்டத்துக்கு ஒரு மனிதர் வேண்டும், ஒரு புத்தகம் வேண்டும், குறிப்பேடு வேண்டும். வயல்வெளிப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அந்த இரண்டாவது படி கிடைக்கவில்லை. குறை வானத்தினுடையது அல்ல.

அந்தப் படி எவ்வளவு சின்னதாக இருந்தால் போதும் என்பதைக் கிளைட் டோம்பா காட்டுகிறார். கன்சாஸ் மாநிலத்து விவசாயக் குடும்பம். ஆலங்கட்டி மழை பயிரை அழித்ததில் கல்லூரிப் படிப்பு கனவானது. ஆனால் வானம் பார்க்கும் ஒரு சித்தப்பா இருந்தார், அவரிடம் ஒரு சின்னத் தொலைநோக்கி இருந்தது. பையன் தானே கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கிகள் செய்யத் தொடங்கினான். பழைய கார் பாகமும் பண்ணைக் கருவிகளின் உதிரிகளும் அதற்குப் பயன்பட்டன. வியாழனையும் செவ்வாயையும் பார்த்து வரைந்த படங்களை லோவல் ஆய்வகத்துக்கு அனுப்பினான். அந்தப் படங்களில் இருந்த கவனத்தைப் பார்த்து அவர்கள் வேலைக்கு அழைத்தார்கள். 1930 பிப்ரவரி 18 அன்று, ஜனவரியில் ஆறு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு ஒளிப்படத் தகடுகளை ஒப்பிட்டுப் பார்க்கையில், ஒரு சிறு புள்ளி இடம் மாறியிருப்பதைக் கண்டார். அதுதான் புளூட்டோ. அப்போது அவருக்கு வயது 24. மாறியிருப்பதைக் கண்டுகொள்ளும் கண்ணைப் பண்ணையிலேயே பழக்கியிருந்தார்.

விஞ்ஞானி ஆகாதவர்களைத் தோல்விக் கணக்கில் எழுதுவதும் சரியில்லை. இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஜெஸ்ஸோரில் 1878இல் பிறந்த ராதாகோவிந்த சந்திரர் பள்ளி இறுதித் தேர்வில் தேறவில்லை. அரசுக் கருவூலத்தில் சாதாரண ஊழியராக வாழ்ந்தார். பள்ளிப் பாடநூலில் பிரபஞ்சத்தின் பிரம்மாண்டம் பற்றி வந்த ஒரு வங்காளக் கட்டுரை அவரை வானத்தின் பக்கம் திருப்பியது. 1910இல் ஹாலி வால்நட்சத்திரத்தைச் சிறிய கருவி கொண்டு தொடர்ந்து கவனித்துக் குறிப்பெடுத்தார். 1918 ஜூனில் கழுகு விண்மீன் குழுவில் திடீரென்று பிரகாசித்த நோவாவை, வேறு யாரும் சொல்லித் தெரியாமல், தானாகவே கண்டார். ஒளி கூடிக் குறையும் மாறொளிர் விண்மீன்களை அதன் பிறகு பல பத்தாண்டுகள் அளந்து, அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அனுப்பிய குறிப்புகள் 37,000க்கும் மேல். சங்கம் அவருக்கு ஆறு அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரு தொலைநோக்கியை இரவல் அனுப்பியது. பகலில் கருவூலத்துப் பணத்தை எண்ணியவர் இரவில் விண்மீன் ஒளியை எண்ணினார். அறிவியல் மேல் வாழ்நாள் காதல் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அதற்குப் பட்டமோ பதவியோ தேவைப்படவில்லை.

அந்தத் தொலைநோக்கி பிற்பாடு வானியலாளர் வைணு பாப்புவிடம் வந்து, நம் காவலூர் வானியல் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பாப்பு 1927இல் சென்னையில் பிறந்தவர். தந்தை ஹைதராபாத்தின் நிஜாமியா ஆய்வகத்தில் பணியாற்றினார். மகன் தொலைநோக்கிகளின் நிழலிலேயே வளர்ந்தார். மாணவராக இருக்கும்போதே மாறொளிர் விண்மீன்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1949இல் ஹார்வர்டுக்குப் போன சில மாதங்களிலேயே, ஓர் ஒளிப்படத் தகட்டில் புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். பிறகு நாடு திரும்பி, கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். இருண்ட வானம் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் அங்கே 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு பணி தொடங்கியது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று காட்டிய அளவீடுகளில் காவலூரில் எடுத்ததும் ஒன்று. பாப்புவுக்குக் கிடைத்த தந்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க மாட்டார் என்பது உண்மை. அதனால்தான் பள்ளி ஆசிரியரும் நூலகமும் ஊர் அறிவியல் மன்றமும் அந்த இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் கிரகண நாட்களில் பிள்ளைகளைத் திரட்டிப் பாதுகாப்பாகப் பார்க்க வைக்கும் வேலை அந்தவகையில் பெரியது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை முதல் புதுக்கோட்டை வரை வளைய சூரிய கிரகணம் தெரிந்தபோது, கதவை அடைத்து உள்ளே வைக்கப்பட்ட குழந்தைகள் இழந்தது இரண்டு மூன்று நிமிடக் காட்சியை மட்டுமல்ல. சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி நடப்பதைக் கண்ணால் காணும் வாய்ப்பையும்தான்.

கைபேசியில் எல்லாம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்கள் விரல்நுனியில் கிடைக்கும்போது, கொசுக்கடியில் நின்று மங்கலான புள்ளிகளை ஏன் பார்க்க வேண்டும்? அந்தப் படங்கள் அற்புதமானவை, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவை பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை நமக்குத் தெரியும் நிறங்களாக மாற்றித் தருபவை, முடிந்த வேலையின் விளைவுகள். அவற்றைப் பார்க்கும் குழந்தைக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. 2019 கடைசியில் திருவாதிரை நட்சத்திரம் மங்கத் தொடங்கி 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. விண்மீனிலிருந்து வெளியேறிய பொருள் தூசியாகி மறைத்ததே முக்கியக் காரணம் என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. திருவாதிரையை அதற்கு முன்பு சில மாதம் பார்த்துப் பழகியிருந்த எந்தப் பிள்ளையும், கருவி எதுவும் இல்லாமல், அந்த மாற்றத்தைத் தானே கண்டிருக்க முடியும். நேற்றைய வானத்தை அறியாதவருக்கு இன்றைய வானத்தில் புதிது எதுவும் தெரியாது.

நகரத்து வானம்தான் உண்மையான தடை. 2016இல் வெளிவந்த உலக வரைபடம் ஒன்றின்படி, மனித குலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் இருக்கும் இடத்திலிருந்து பால்வீதியைப் பார்க்க முடியாது. 2023இல் வெளியான இன்னோர் ஆய்வு, 2011 முதல் 2022 வரை இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடியதாகச் சொன்னது. ஒரு குழந்தை பிறக்கும்போது 250 விண்மீன்கள் தெரியும் ஊரில், அதற்கு 18 வயதாகும்போது 100தான் தெரியும். மனதை அழுத்தும் எண்கள் இவை. ஆனால் இந்த ஆய்வுக்கான தரவு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். உலகெங்கும் பொதுமக்கள் வெறும் கண்ணால் வானத்தைப் பார்த்து, எவ்வளவு மங்கலான விண்மீன்வரை தெரிகிறது என்று குறித்து அனுப்பிய 51,000க்கும் மேற்பட்ட பதிவுகள் அவை. விண்மீன்கள் மறைவதையும் விண்மீன் பார்ப்பவர்கள்தான் அளந்தார்கள். நிலா, வெள்ளி, வியாழன், திருவாதிரை ஆகியவை சென்னை வானத்திலும் தெரியும். எண்ணி எழுத அவை போதும். தெருவிளக்குகளுக்கு மேல்மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்கு மட்டும் இறக்கினால் இன்னும் கொஞ்சம் தெரியும். அதை நகராட்சியிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

கடைசியாக ஒன்று. நட்சத்திரம் என்றாலே நம் வீடுகளில் ஜாதகம்தான் நினைவுக்கு வருகிறது, குழந்தையை அதன் பக்கம் தள்ளிவிடுமோ என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். நான் எதிர்மாறாக நினைக்கிறேன். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை என்று பிறந்த நாளோடு ஒட்டிய பெயர்களைத் தமிழ்க் குழந்தை ஏற்கெனவே அறிந்திருக்கிறது. அவை வானத்தில் விரல்நீட்டிக் காட்டக்கூடிய விண்மீன்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நிலா வானத்தை ஒருமுறை சுற்றிவர 27 நாளும் ஏறக்குறைய எட்டு மணி நேரமும் ஆகிறது. அதன் பாதையில் நாளுக்கொன்றாக 27 இடங்களைக் குறித்தவர்கள், ஆண்டுக்கணக்கில் இரவு இரவாகப் பார்த்துக் குறித்தவர்கள். கார்த்திகை தீபத்தன்று மாலை மழைமேகம் விலகினால், கிழக்கே எழும் நிலாவின் பக்கத்தில் கார்த்திகை என்ற ஆறுமீன் கூட்டம் இருக்கும். நிலவொளியில் அது மங்கித்தான் தெரியும். அதற்குச் சற்றுக் கீழே, சிவந்த நிறத்தில், ரோகிணி பளிச்சென்று நிற்கும். நாளைக்கு நிலா எங்கே இருக்கும் என்று குழந்தையிடம் கேட்டுவிட்டு, அது கைகாட்டும் இடத்தைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே காகிதத்தோடு மாடியேற வேண்டும். நிலா ரோகிணி பக்கம் வந்திருக்கும்.